உன்னிடம் மிச்சமிருக்கும் மல்லிகை

பினாங்கு, குயின் தெரு,
விபவ வருஷம் ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி குணவதிக்கு உன் அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மாள் துணை நிற்கட்டும். இதற்கு அடுத்த வரி இங்கே எல்லோரும் சுகம் என்பது. எந்தக் கடிதத்திலும் கை தானாகவே அதை எழுதிவிட்டு மேலே போய்விடும். இன்று எழுதினேன், அடித்தேன், வேறு தாள் எடுத்தேன், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறது. சுகமில்லை மகளே. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்துவிட்டாள் என்று போன கடிதத்தில் எழுதினேனே, அது உண்மைதான், ஆனால் வீட்டுக்கு வந்தவள் இப்போது சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மாடியில் அவள் வளர்த்த செடிகள் பெரும்பாலும் செத்துவிட்டன, சாகடித்தது நான், மல்லிகையும் போய்விட்டது. கல்யாணமாகிப் போகும்போது அதிலிருந்து பதியம் போட்டு நீ எடுத்துப் போனாயே, அது ஒன்றுதான் மிச்சம். அதில் ஒரு கன்றை எடுத்துக்கொண்டு நீ அடுத்த கப்பலில் புறப்பட்டு வர வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் எழுத ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவேன், விஷயத்துக்கு வருவதற்குள் உன் அடுப்பில் சோறு குழைந்துவிடும்.

அம்மாவுக்கு வாதம் வந்த அன்று தந்தி அடித்தேன், பிறகு ஆபத்து நீங்கியது என்று மறு தந்தியும் நானேதான் அடித்தேன், அதை நம்பித்தான் நீ கிளம்பாமல் நின்றாய், அதில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை நினைத்து அழாதே. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. இடது கை நன்றாக இருக்கிறது. நாம் பேசுவது அவ்வளவும் அவளுக்கு விளங்குகிறது, நான் அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால் முன்பு போலவே கண்ணை ஒரு பக்கமாகச் சுழற்றுகிறாள், அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. கப்பல் துறையில் கேட்டு லீவு வாங்கிக்கொண்டேன். நம் வீட்டு மாடியில் பின்பக்கத்து அறை இருக்கிறதே, கதவைத் திறந்தால் அடுக்களைக் கூரை மேல் இருக்கும் மொட்டைத் தளம், அங்கேதான் அவள் கட்டிலைப் போட்டேன். படுத்தபடியே செடிகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் நான் செய்து வைத்த காரியம்தான் இப்போது எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது.

அம்மாவின் தோட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீதான் அவளுக்குக் கையாள். துளசி, கறிவேப்பிலை, புதினா என்று ஆரம்பித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, அதெல்லாம் எல்லார் வீட்டு மாடியிலும் இருப்பது. அதற்கு மேலும் அவள் ஆசை வளர்ந்த பிறகுதான் நான் கேலி செய்ய ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய் டின்னில் ரோஜா, பாதிப் பீப்பாயில் எலுமிச்சை, கயிறு கட்டிப் பாகல், சுவரோரம் வெற்றிலைக் கொடி. அவள் பெயரை வைத்து, நல்லம்மாள் எஸ்டேட்டுக்கு எத்தனை கூலி வேண்டும் என்று கேட்பேன், எஸ்டேட்டுக்கு ஒரு மேஸ்திரி இருக்கார், வேலை தெரியாத மேஸ்திரி, அவரைத்தான் நீக்கணும் என்று அவள் சொல்வாள், நீ சிரித்துக்கொண்டே டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பாய். ஓட்டை எங்கே போடுவது, ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லை எப்படிக் கவிழ்ப்பது, ஆயர் ஈத்தாம் மலைப்பக்கத்துச் செம்மண்ணில் மணல் எவ்வளவு, பால்காரர் கொண்டுவரும் சாணம் எவ்வளவு நாள் மக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிச் செய்தீர்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் குளிக்கப் போனேன், ஒரு வார்த்தை காதில் வாங்கவில்லை. துறையில் ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவனுக்கு வீட்டுத் தொட்டியில் என்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்ற எண்ணம்தான், வேறென்ன.

அந்த மல்லிகைக்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்கும் தெரியும். வைத்ததெல்லாம் அழுகிப் போய், கடைசியாக ஒன்று பிடித்தது. உன் கல்யாணத்தன்று உன் தலையில் வைத்தது முழுவதும் அந்த ஒரு செடியின் பூ, கடைப்பூ ஒரு முழம்கூடக் கலக்கவில்லை என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ போன பிறகும் சாயங்காலம் பூப் பறித்துக் கட்டும்போது அம்மனுக்கு ஒரு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு, உனக்கு ஒரு பங்கு என்றுதான் கட்டுவாள். உன் பங்கை நீ தலை சீவும் கண்ணாடி ஆணியில் தொங்கவிடுவாள். காலையில் வாடினதை எடுத்துத் தொட்டி மண்ணிலேயே போடுவாள். ஒருநாளும் அது தவறினதில்லை. வாதம் வந்து விழுந்த அன்றைக்குக்கூட அந்த ஆணியில் பூ இருந்தது.

அவளுடைய அடுத்த ஆசை ஜாடி. டின் எல்லாம் துருப்பிடித்து அடி விட்டுப் போகிறது, மழைக்காலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது, வேருக்கும் இடம் போதவில்லை, பெரிய மண்ஜாடி இருந்தால் செடி காலத்துக்கும் நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துறைக்குப் போயிருந்த நேரத்தில் எங்கேயோ சொல்லி வைத்துச் சில ஜாடிகள் வரவழைத்தாள். வெளியே பழுப்பு மெருகு போட்டு, இடுப்பு உயரத்துக்கு, பார்க்க அழகாகத்தான் இருந்தன. எங்கிருந்து வந்தன, அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவற்றில் தண்ணீர் நிரப்பித் தளத்து மூலையில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். அதற்குள்தான் அவளுக்கு அப்படி ஆகிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கொசு பார்க்கிற முனிசிபல் ஐயா வந்தார். ஜாடியைப் பார்த்துவிட்டு, தண்ணி தேங்கி நிக்குதுலா மேஸ்திரி, இதுலதான் கொசு முட்டை விடும், அடுத்த தடவை வரும்போது இப்படி இருந்தா சம்மன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேலையை அவர் செய்தார். நான் அன்றைக்கே ஜாடிகளைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினேன். அடியில் கரிய மண் படிந்திருந்தது. நயமான மண், விரலில் தேய்த்தால் கண்மை போல வழுக்கியது. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா, அம்மா கடலைப் புண்ணாக்கை டின்னில் ஊற வைத்துச் செடிக்கு ஊற்றுவாளே, இதுவும் அப்படி அவள் எங்கேயோ கேட்டு ஊற வைத்திருக்கிற உரம், இதற்குத்தான் இவ்வளவு நாளாக ஜாடி ஜாடி என்று அடித்துக்கொண்டாள் என்று தோன்றியது. சரி, அவள் திரும்பி வரும்போது அவள் ஆசைப்பட்டபடி எல்லாம் ஜாடியில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். துறைத் தச்சரிடம் துரப்பணம் கடன் வாங்கி ஜாடி உடையாமல் ஓட்டை போட்டேன், அதில் எனக்குப் பெருமை வேறு. அந்தக் கரிய மண்ணை ஒரு துளி வீணாக்காமல் செம்மண்ணோடு பிசைந்தேன். அவள் பாடுபட்டு வளர்த்த மல்லிகை, ரோஜா, பாகல், வெற்றிலை, எலுமிச்சை எல்லாவற்றையும் வேரோடு எடுத்து அதில் வைத்தேன். மல்லிகைக்குத்தான் அதிக மண் போட்டேன். துளசியும் கறிவேப்பிலையும் சாதாரணச் செடி, அவற்றுக்கு எதற்கு ஜாடி என்று பழைய டின்னிலேயே விட்டுவிட்டேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் சாய்த்து, கதவைத் திறந்து, பார் நல்லம்மா உன் எஸ்டேட்டை என்று சொன்னேன். அவள் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது, பிறகு கண்ணில் நீர் வந்தது, இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன் குணவதி. நானும் சேர்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு சலேஹாவைக் கூப்பிட்டு, உன் அக்கா எப்படிச் சந்தோஷப்படுகிறாள் பார் என்று காட்டினேன்.

அன்றிலிருந்து ஒரே சைகை. இடது கை விரலை நாக்கில் வைப்பாள், பிறகு கதவுப் பக்கம் நீட்டுவாள். தண்ணீர் கேட்கிறாள் என்று கொடுத்தேன், ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடியும் விரலை நாக்கில் வைத்தாள். கஞ்சி கொடுத்தேன், பால் கொடுத்தேன். கஞ்சியில் உப்பு இல்லை என்கிறாளோ என்று, டாக்டர் குறைத்துப் போடச் சொன்னதையும் மீறி ஒரு கல் உப்பு அதிகமாகப் போட்டேன். வாயில் வைத்ததும் துப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சலேஹா சொன்னாள், அண்ணே, அக்காவுக்குப் பசியும் இல்ல தாகமும் இல்ல, வேற என்னமோ சொல்லுது, கண்ணு எங்க போகுதுன்னு பாருங்கலா என்று. நான் கேட்டால்தானே. மனுஷனுக்கு வாதம் வந்தால் இப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று அவளையும் அதட்டிவிட்டேன். பாவம், கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள மீன் ஆணம் கொண்டுவந்து வைத்தாள், அவள் மனசு யாருக்கு வரும்.

இதற்கிடையில் செடிகள் வாட ஆரம்பித்தன. இலை ஓரம் கருகிச் சுருண்டது. தண்ணீர் போதவில்லை என்று காலையும் மாலையும் ஊற்றினேன். அதிலும் நிமிரவில்லை, வெயில் அதிகம் என்று நிழலுக்கு நகர்த்தினேன், பிறகு வெயில் போதவில்லை என்று பழையபடி இழுத்தேன். மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். மேல் மண்ணில் வெள்ளையாகப் பொடி பூத்தது, பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டேன், மறுநாள் மறுபடியும் பூத்தது. ஏய், நிமிர்ந்து நில் என்று ஒருநாள் ரோஜாவைப் பார்த்துச் சத்தம் போட்டேன், துறையில் தொங்காங் படகிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களிடம் போடுகிற சத்தம். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்தால் அம்மா சிரிக்கவில்லை, விரல் நாக்கில் இருந்தது.

மல்லிகை இலை கொட்ட ஆரம்பித்த அன்று அதன் ஜாடியை எப்படியோ உருட்டிக் கட்டில் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் தொட்டுப் பார்த்தால் அதற்கு உயிர் வரும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். மண்ணைக் கிளறிக் காட்டினேன், பார், எவ்வளவு நல்ல கருமண், இதில் வளராமல் என்ன கேடு இதற்கு என்றேன். அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மண் ஒட்டின என் விரலை இழுத்து என் வாயிலேயே வைத்தாள். என் வாயில், அவள் வாயில் அல்ல.

கடுத்த உப்பு குணவதி. கடல் தண்ணீர்கூட அவ்வளவு உப்பு இல்லை.

அது சீனத்திலிருந்து வருகிற உப்பு முட்டை ஜாடி. வாத்து முட்டையைச் சாம்பலும் உப்பும் பிசைந்த கருமண்ணில் உருட்டி அடுக்கி அனுப்புவார்களே, முட்டையெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு அடியில் உதிர்ந்து கிடக்கிற மண்தான் அது. மார்க்கெட் பக்கம் சீனர் கடையில் அக்கா கேட்டு வாங்கிச்சு, உப்பு போகுற வரைக்கும் தண்ணி மாத்தி மாத்தி ஊற வைக்கணும்னு எங்கிட்ட சொல்லிச்சே அண்ணே என்று சலேஹா பிறகு சொன்னாள். அந்த முட்டையை வாரம் தவறாமல் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு தின்கிறவன் நான். ஆனால் அம்மா மண்ணைக் கழுவி, அவித்து, இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்துத்தான் எனக்குக் கொடுப்பாள். அந்த மண்ணை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ஒருத்தி கழுவிக் கழுவிக் கொடுத்ததைத் தின்றவனுக்கு மண் எது உப்பு எது என்று எப்படித் தெரியும், சொல்.

உடனே எல்லாவற்றையும் பிடுங்கினேன். குழாய்த் தண்ணீரில் வேரைக் கழுவினேன், பழைய டின்களைத் தேடி எடுத்துப் புது மண் போட்டு நட்டேன், சலேஹா வந்து கூட நின்றாள். ரோஜாவும் பாகலும் அப்போதே முடிந்துவிட்டன. வெற்றிலையில் ஒரு கணு பச்சையாக இருக்கிறது, எலுமிச்சை இலை எல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கிறது, நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறது, பிழைத்தாலும் பிழைக்கலாம். நான் மதிக்காமல் விட்ட துளசியும் கறிவேப்பிலையும் கொழுகொழுவென்று நிற்கின்றன. மல்லிகை குச்சியாகிவிட்டது. எங்கே கீறினாலும் பழுப்புத்தான். வேர் கையோடு வந்துவிட்டது, அதை மறைத்து மண்ணில் செருகி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கோபம் காட்டவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்திருக்கும். நாக்கில் விரல் வைப்பதை நிறுத்திவிட்டாள், கதவுப் பக்கம் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள், அதோடு சாப்பாட்டையும். கரண்டியை உதட்டில் வைத்தால் உதடு திறப்பதில்லை. தண்ணீர் மட்டும் தொண்டை நனைகிற அளவுக்குப் போகிறது. உப்பே போடாமல் கஞ்சி வைத்தேன், சலேஹா பாசிப்பயறு போட்டுப் பாயசம் மாதிரி ஒன்று செய்துகொண்டு வந்தாள், எதுவும் நடக்கவில்லை. நான் மார்க்கெட் தெருவுக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன், மாடியில் பூத்தது என்று சொன்னேன். மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு முறைதான் முகர்ந்தாள். அப்படியே கையை விரித்து விட்டுவிட்டாள், பூ பாயில் விழுந்தது, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் வீட்டுப் பூவின் மணம் அவளுக்குத் தெரியாதா. ஏன் அப்படிப் பொய் சொல்லப் போனேன் என்று இருக்கிறது.

டாக்டர் ஐயா நேற்று வந்து பார்த்தார். நெஞ்சு நல்லா இருக்கு மேஸ்திரி, கை கால்கூடக் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும், ஆனா இப்படியே சாப்பிடாம கிடந்தா என் மருந்து ஒண்ணும் பண்ணாது, அவங்களுக்கு மனசு இருந்தாத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனசை நான் எந்தக் கடையில் போய் வாங்குவது. எனக்குப் பயமாக இருக்கிறது குணவதி. என்னை நீ அழுது பார்த்ததில்லை, இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறேன், அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதற்காகச் சொல்லவில்லை, அவள் இல்லாமல் என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஆவணி மாதம் நீ எழுதின கடிதத்தில், உன் மல்லிகை பிஸ்கோத்து டின்னை நிறைத்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்க ஒரு கிளையை வளைத்துப் பதியம் போட்டிருக்கிறேன், வேர் விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். அம்மா விழுவதற்கு முன்னால் அதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன், இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். அந்தக் கன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தால் போய்க் கெஞ்சித் திருப்பி வாங்கு, அவர்களுக்கு வேறொன்று பிறகு போட்டுக் கொடுக்கலாம். தாய்ச்செடியை எடுக்காதே, அது அங்கேயே இருக்கட்டும். வழியில் ஏதாவது ஆனாலும் ஒன்று பத்திரமாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்ற வேண்டாம். மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதவில்லை, இதையே அவரிடம் காட்டு. மாப்பிள்ளை, உங்களிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, உங்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் குணவதியைத் தெரிந்த குடும்பத்தோடு கப்பல் ஏற்றிவிடுங்கள், இங்கே கப்பல் வந்து நிற்கும்போது நான் துறையில் நிற்பேன், அது நான் வேலை செய்கிற இடம்தானே. அவளுக்கு அம்மா இருக்கும்போதே அவள் வர வேண்டும். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை அம்மாவிடம், குணவதிக்கு எழுதப் போகிறேன், மல்லிகையைக் கொண்டு வரச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். உன் செடி செத்துவிட்டது என்று அப்போதுதான் வாய்விட்டும் சொன்னேன், இனிமேல் அவளிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்ப் பக்கம் இருந்த முகம் திரும்பியது. ஒரு காலி டின்னைக் கொண்டுவந்து காட்டினேன். பார்த்தாள். ஓட்டை போட ஆணியை அடியில் வைத்தேன், கண்ணைச் சுழற்றினாள். பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் மேலே வைத்தேன், கண்ணை மூடித் திறந்தாள், சரி என்று அர்த்தம். இப்படியே ஓட்டாஞ்சில், தேங்காய் நார், செம்மண், மணல், மக்கின சாணம் என்று ஒவ்வொன்றாக முறத்தில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் டின்னில் போட்டேன். சாணத்தையுமா என்று கேட்காதே, சாணத்தையும்தான். அப்போது அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வாதத்தில் கோணுவது அந்தப் பக்கம் இல்லை, அது எனக்குத் தெரியும். உடனே கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன், உதடு திறக்கவில்லை. கரண்டியைக் கையால் நகர்த்திவிட்டுத் தெருவாசல் பக்கம் காட்டினாள். உன்னைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனை நாள் அவள் சைகையைத் தப்பாகவே புரிந்துகொண்டவன் சொல்கிறேன், இந்த ஒன்றையாவது சரியாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கப்பலில் தனியாகப் படுக்காதே, பெண்கள் இருக்கிற பக்கமாக இடம் பார்த்துக்கொள். ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே, உனக்கு உடனே சளி பிடிக்கும். கன்றை டின்னோடு தூக்க வேண்டாம், வேரோடு மண் சேர்த்து ஈர நாரில் சுற்றி, வாழை மட்டையில் கட்டி, மேலே பிரம்புக் கூடை ஒன்றைக் கவிழ்த்துக்கொள். குடிக்கிற தண்ணீரைத்தான் அதற்குத் தெளிக்க வேண்டும். காற்றோட்டம் என்று யாராவது சொன்னாலும் மேல்தளத்தில் மட்டும் வைக்காதே, கடல் சாரல் அடிக்கும். மடியில் வைத்துக்கொண்டு வா. வழியில் அது வாடிப்போனாலும் கவலைப்பட்டுக்கொண்டு நிற்காதே, நீ வந்து சேர்.

தீர்க்க சுமங்கலியாக நீ நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டாருக்கும் என் அன்பைச் சொல். கடிதம் கண்டதும் எந்தக் கப்பல் என்று ஒரு தந்தி மட்டும் அடி, பதில் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
வேலு.

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்ட பிறகு கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மடிக்கப் போகும்போது கையை நீட்டித் தடுத்தாள். கட்டில் ஓரம் வைத்திருந்த புது டின்னில் இடது கைப் பெருவிரலை விட்டு எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் அவளே ஊன்றினாள். கீழே இருக்கும் செம்மண் கறை அதுதான், அழுக்கு என்று துடைத்துவிடாதே. அதையும் நான் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன் மகளே. உப்பு இல்லை.